மேச்சேரிச் சாலை மீன்குஞ்சுப் பண்ணை: மூன்று பருவங்களின் அனுபவம்

சேலம் மாவட்டத்தில் ஓமலூர், தாரமங்கலம், எடப்பாடிப் பக்கத்தில் குட்டை வெட்டி மீன் வளர்க்கிற இருவர் சந்தித்துக்கொண்டால், நலம் விசாரித்த கையோடு எழும் கேள்வி “குஞ்சு எங்க எடுத்தீங்க?” என்பதுதான். தீவனம், தண்ணீர், விலை பற்றிய பேச்செல்லாம் அதற்குப் பிறகே வரும். அந்தக் கேள்விக்குக் கடந்த மூன்று பருவங்களாக நான் சொல்லிவரும் பதில், ஓமலூரிலிருந்து மேட்டூர் செல்லும் சாலையில் மேச்சேரியைத் தாண்டிப் பிரியும் ஒரு மண்பாதையின் முடிவில், மீன்குஞ்சுகளை வளர்த்து விற்கும் சிறிய நாற்றங்கால் பண்ணையாகும். அதற்குப் பெயர்ப் பலகை கிடையாது. சுற்றுவட்டாரத்தில் எல்லோரும் ‘குஞ்சுப் பண்ணை’ என்றே சொல்கிறார்கள். ஓமலூருக்கும் தாரமங்கலத்துக்கும் இடையே 60 சென்ட் பரப்பில் குட்டை வைத்திருக்கும் நான், அந்தப் பண்ணையில் பெற்ற குஞ்சுகளையும் சேவையையும் பற்றி, நிறைகுறை இரண்டையும் மறைக்காமல் இங்கே எழுதுகிறேன்.

குஞ்சுக்கு இவ்வளவு முக்கியத்துவம் ஏன் என்று புதிதாக இத்தொழிலுக்கு வருபவர்கள் கேட்கலாம். கட்லா, ரோகு, மிர்கால் ஆகிய பெருங்கெண்டைகள் தேங்கிய குட்டையில் நன்றாக வளருமே தவிர, அங்கே தாமாக முட்டையிடுவதில்லை. மழைக்காலத்தில் புதுவெள்ளம் பாயும் ஆற்றில்தான் அவை இனப்பெருக்கம் செய்யும். எனவே ஒரு காலத்தில் ஆற்றில் வலைகட்டிப் பிடித்த குஞ்சுகளையே குளங்களில் விட வேண்டியிருந்தது. அதில் எந்த இனம் எவ்வளவு என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. 1957இல் ஒடிசாவில் ஹீராலால் சவுத்ரி, அலிகுன்ஹி என்ற அறிவியலாளர்கள் மீனின் பிட்யூட்டரிச் சுரப்பியின் சாற்றை ஊசி வழியாகச் செலுத்திக் கெண்டைகளை முட்டையிடச் செய்த பிறகுதான் இந்த நிலை மாறியது. அதன் நினைவாகவே ஜூலை 10ஆம் நாள் தேசிய மீன் வளர்ப்போர் நாளாகக் கொண்டாடப்படுகிறது. இன்று நாட்டின் மீன் உற்பத்தியில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு உள்நாட்டு நீர்நிலைகளிலிருந்து கிடைக்கிறது. 2022-23இல் மொத்த உற்பத்தியான 175.45 லட்சம் டன்னில் 131.13 லட்சம் டன் உள்நாட்டு மீன். கடலே இல்லாத சேலத்தில் என்னைப் போன்றவர்கள் மீன் வளர்க்கத் துணிந்ததற்கு வேர் அந்தக் கண்டுபிடிப்புதான். ஆயினும் பொரித்து மூன்று நாளான நுண்குஞ்சு அரை சென்டிமீட்டர் நீளமே இருக்கும். அதை இரண்டு, மூன்று மாதங்கள் காப்பாற்றி விரல் நீளத்துக்கு வளர்த்தெடுக்கும் வேலை நாற்றங்கால்காரருடையது. அவர் அந்த வேலையை ஒழுங்காகச் செய்யாவிட்டால், குட்டைக்காரர் எவ்வளவு உழைத்தாலும் பலன் இராது.

இதை நான் பட்டே தெரிந்துகொண்டேன். குட்டை வெட்டிய முதல் ஆண்டு, வீட்டு வாசலுக்கே வண்டியில் வந்த ஒரு வியாபாரியிடம் குஞ்சு ஒன்றுக்கு 80 பைசா வீதம் 3,000 குஞ்சுகள் வாங்கினேன். ஓர் அங்குலம் கூட இல்லாத குஞ்சுகள் அவை. ஒரு கிண்ணத்தை எண்ணிவிட்டு, மீதியைக் கிண்ணக் கணக்கில் அளந்து ஊற்றினார். முதல் கிண்ணத்தில் குஞ்சு நிறைந்திருந்ததையும், அடுத்தடுத்த கிண்ணங்களில் பாதிக்கு மேல் தண்ணீராக இருந்ததையும் நான் அப்போது கவனிக்கவில்லை. எட்டு மாதம் தவிடும் கடலைப் புண்ணாக்கும் போட்டு வளர்த்து, பங்குனியில் இழுவலை போட்டபோது தேறியவை 210 கிலோ மட்டுமே. கட்லா என்று விற்கப்பட்டவற்றில் ஜிலேபி மீன் (திலாப்பியா) கலந்திருந்தது. அது குட்டைக்குள்ளேயே குஞ்சு பொரித்துப் பெருகி, மற்ற மீன்களின் தீவனத்தைத் தின்று தானும் வளராமல் நின்றுவிட்டது. அதைவிடப் பெரிய அதிர்ச்சி, சேற்றிலிருந்து எழும்பிய முழங்கை நீள ஆப்பிரிக்கக் கெளுத்திகள். இந்தியாவில் வளர்க்கத் தடை செய்யப்பட்டிருக்கும் இந்த இனம் பிற மீன்களையும் விழுங்கிக் கொழுக்கிறது. மழையில் கரை வழிந்து அவற்றில் ஒன்றிரண்டு சரபங்கா ஆற்றுக்குப் போய்ச் சேர்ந்திருந்தால் அந்தக் கேட்டுக்கு நானும் ஒரு காரணமாகியிருப்பேன் என்ற நினைப்பு இன்றும் என்னை வருத்துகிறது.

அடுத்த ஆனி மாதத்தில் உறவினர் ஒருவர் சொல்லி இந்தப் பண்ணைக்குச் சென்றேன். வரிசையாக எட்டு நாற்றங்கால் தொட்டிகள், கரைகளில் புல் செதுக்கி, நீர்க்காகமும் மீன்கொத்தியும் இறங்காதபடி மேலே வலை இழுத்துக் கட்டியிருந்தார்கள். பண்ணையை ஒரு கணவனும் மனைவியும் நடத்துகிறார்கள். குஞ்சு வேண்டும் என்று நான் சொன்னதும் பண்ணைக்காரர் விலையைச் சொல்லவில்லை. குட்டையில் பழைய மீன் ஏதேனும் இருக்கிறதா, அடிவரை காய்ந்ததா என்று கேட்டார். கெளுத்தி இருந்த கதையைச் சொன்னேன். “அப்படீன்னா இப்ப குஞ்சு வேண்டாங்க அக்கா. மொதல்ல குட்டையச் சுத்தம் பண்ணுங்க, நான் எடுத்து வெக்கிறேன்” என்று சொல்லித் திருப்பி அனுப்பினார். கையில் பணத்துடன் வந்தவரை வெறுங்கையோடு அனுப்பிய அந்த ஒரு செயலுக்காகவே அவர் மீது எனக்கு மதிப்பு உண்டாயிற்று.

குட்டையை வடித்துக் காயவைப்பது நல்லது. முடியாத இடத்தில் இலுப்பைப் புண்ணாக்கு போட வேண்டும். ஒரு மீட்டர் ஆழத் தண்ணீருக்கு எக்டேருக்கு 2,500 கிலோ என்பது கணக்கு. அதன் நஞ்சு வேண்டாத மீன்களைக் கொன்றுவிட்டு, இரண்டு மூன்று வாரங்களில் தணிந்து, பிறகு குட்டைக்கே உரமாகிவிடும். என் குட்டையின் ஒரு மூலையில் ஊற்று நிற்காததால் அந்தப் பள்ளத்துக்கு மட்டும் புண்ணாக்கு போட்டு, மற்ற பகுதியைக் காயவிட்டு, சுண்ணாம்பு தூவி, கிணற்றுத் தண்ணீர் பாய்ச்சி, சாணம் கரைத்துவிட்டேன். தண்ணீர் பச்சை பிடித்ததும் கையை முழங்கை வரை விட்டுப் பார்க்கும்படி தொலைபேசியில் சொன்னார். உள்ளங்கை மங்கலாகத் தெரிந்தால் குஞ்சு விடலாம், தெளிவாகத் தெரிந்தால் இன்னும் சாணம் வேண்டும், கொஞ்சம் இறக்கியதுமே மறைந்துவிட்டால் பச்சை மிகுந்துவிட்டது என்பது அவர் கற்றுத்தந்த அளவு. எந்தக் கருவியும் இல்லாத விவசாயிக்கு இதைவிடப் பயனுள்ள பாடத்தை வேறெங்கும் நான் பெறவில்லை.

குஞ்சுகளை எண்ணிக் கொடுக்கும் முறையைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். இங்கும் கிண்ணக் கணக்கு உண்டு. ஆனால் அது துளையிட்ட கிண்ணம், தண்ணீர் வடிந்த பிறகே கணக்கில் சேரும். தொடக்கத்தில் ஒன்று, நடுவில் ஒன்று, முடிவில் ஒன்று என மூன்று கிண்ணங்களை வாங்குபவர் கையாலேயே எடுக்கச் சொல்லி, அவற்றை ஒவ்வொன்றாக எண்ணிச் சராசரி பார்க்கிறார்கள். எண்ணுவது பண்ணைக்காரரின் மனைவியான அந்த அம்மா. நெல் அளப்பவர்களைப் போல முதல் எண்ணை ‘லாபம்’ என்று தொடங்கி, இரண்டு, மூன்று என்று அவர் எண்ணும்போது குரல் ஒருமுறையும் இடறுவதில்லை. எண்ணிக்கைக்கு மேல் நூற்றுக்கு ஐந்து சேர்த்துப் போடுகிறார்கள். கட்லா, ரோகு, மிர்கால் மூன்றும் தனித்தனித் தொட்டிகளில் இருப்பதால் கலப்பு என்ற பேச்சுக்கே இடமில்லை. நான் 2,000 குஞ்சுகளை நூற்றுக்கு நாற்பது, முப்பது, முப்பது என்ற வீதத்தில் எடுத்தேன். கட்லா மேல்மட்டத்திலும் ரோகு நடுமட்டத்திலும் மிர்கால் அடிமட்டத்திலும் மேயும் என்பதால் ஒன்றின் இரைக்கு மற்றொன்று போட்டியாக வராது. நான்கு அங்குலக் குஞ்சு ஒன்றுக்கு அப்போது மூன்று ரூபாய். வண்டிக்காரரின் விலையைப் போல ஏறக்குறைய நான்கு மடங்கு. ஆனால் அந்த நீளக் குஞ்சைத் தவளையாலும் தண்ணீர்ப் பூச்சியாலும் அவ்வளவு எளிதில் பிடிக்க முடியாது.

குஞ்சுகளைப் பிடிப்பதற்கு முந்தைய நாள் தீவனத்தை நிறுத்திவிடுகிறார்கள். வயிறு காலியாக இருந்தால்தான் பையிலுள்ள தண்ணீர் வழியில் கெடாது. பாலிதீன் பையில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், மீதி ஆக்சிஜன். செவுளையும் உடம்பையும் பார்த்து மீன் பேன் ஒட்டியிருக்கிறதா என்று சோதித்த பிறகே பையில் இடுகிறார்கள். குட்டைக்குக் கொண்டுவந்ததும் பையை அவிழ்க்காமல் கால் மணி நேரம் தண்ணீரில் மிதக்கவிட்டு, பிறகு குட்டைத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பைக்குள் சேர்த்து, குஞ்சுகள் தாமாக நீந்தி வெளியேறும்வரை காத்திருக்கச் சொன்னார்கள். அன்று இறந்து மிதந்தவை பதினொன்று. எட்டு மாதம் கழித்துப் பங்குனியில் பிடித்தவை ஏறத்தாழ 1,300 மீன்கள், மொத்தம் 850 கிலோ. குட்டையும் கிணறும் முந்தைய ஆண்டு இருந்தவைதான். தவிடும் புண்ணாக்கும் கூட அதே கடையில் வாங்கியவைதான்.

இரண்டாம் பருவத்தில் எனக்கு மனக்குறை உண்டாயிற்று. ஆடியில் குஞ்சு எடுக்கப் போனபோது கட்லா போதவில்லை. அதற்கு ஈடாக வெள்ளிக்கெண்டையைச் சேர்த்துக்கொள்ளச் சொன்னார். நானும் அவசரத்தில் ஒப்புக்கொண்டேன். வெள்ளிக்கெண்டையும் மேல்மட்டத்தில் நுண்ணுயிரிகளைத் தின்னும் மீன் என்பதால், கட்லாவின் பங்கை அது எடுத்துக்கொண்டது. அறுவடையில் கட்லா அரைக் கிலோவைத் தாண்டவில்லை. வெள்ளிக்கெண்டையோ வளர்ந்திருந்தும், பிடித்த சில மணி நேரத்தில் தளர்ந்துவிடுவதால் நம் ஊரில் விரும்பி வாங்குவார் இல்லை. இதை அவர் முன்பே எடுத்துச் சொல்லியிருக்க வேண்டும். கேட்டபோது தவற்றை ஒப்புக்கொண்டார் என்றாலும், தட்டுப்பாடு காலத்தில் வாங்குபவர் விழிப்பாக இருக்க வேண்டியிருக்கிறது.

ரசீது விஷயத்திலும் குறை உண்டு. 2020இல் தொடங்கிய பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் செலவில் பொதுப்பிரிவினருக்கு 40 விழுக்காடும், பெண்களுக்கும் பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கும் 60 விழுக்காடும் மானியம் வகுக்கப்பட்டது. அதற்கு விண்ணப்பிப்பவர் செலவுக்கு முறையான ரசீது காட்டியாக வேண்டும். இங்கே முதல் இரண்டு பருவங்களிலும் நோட்டுப் புத்தகத்தில் கிழித்த துண்டுத் தாளே கொடுத்தார்கள். பலர் வற்புறுத்திய பிறகு மூன்றாம் பருவத்தில் அச்சடித்த ரசீது வந்துவிட்டது.

மூன்றாம் பருவத்தைப் பற்றி எழுதாமல் இந்த மதிப்பீடு நிறைவடையாது, ஏனென்றால் இத்தொழிலின் உண்மையான இடர் எங்கே இருக்கிறது என்பதை அந்தப் பருவம்தான் எனக்குக் காட்டியது. தையில் மீனைப் பிடித்துவிட்டு வண்டல் எடுத்ததால், மறுபடி குஞ்சு விடுவதற்கு மாசி ஆகிவிட்டது. மாசியில் புதுக் குஞ்சு கிடைக்காது. ஆனால் இந்தப் பண்ணையில் முந்தைய மழைக்காலத்துக் குஞ்சுகளை நெருக்கமாக வைத்து, குறைந்த தீவனத்தில் வளர்ச்சியை நிறுத்தி வைத்திருப்பார்கள். அப்படி ஒடுங்கியிருந்த குஞ்சு இடமும் இரையும் கிடைத்ததும் விட்டதைப் பிடிப்பதுபோல வேகமாக வளரும். இந்த வகைக் குஞ்சை இத்தனை அக்கறையோடு வைத்திருப்பதை இப்பண்ணையின் முதன்மையான சிறப்பாகக் கருதுகிறேன். ஆவணி முடிவிலேயே மீன்கள் முக்கால் கிலோவை எட்டிவிட்டன. பிறகு புரட்டாசி பிறந்தது.

புரட்டாசியில் சேலத்தில் மீன் விற்பது எவ்வளவு கடினம் என்பதை இங்கே வாழ்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வாரம் முழுவதும் அடுப்பில் மீன் ஏறாத வீடுகளே எங்கள் தெருவில் மிகுதி. வியாபாரிகள் பாதி விலைக்குக் கேட்டார்கள். தீபாவளி வரை காத்திருக்கலாம் என்று முடிவு செய்து தீவனத்தைத் தொடர்ந்தேன். குட்டையில் மீனின் எடை ஏறிக்கொண்டே போயிற்று. தின்றது போக மிஞ்சிய தீவனமும் கழிவும் அடியில் சேர்ந்தன. ஐப்பசியில் மூன்று நாள் தொடர்ந்து வானம் மூடியிருந்தது. வெயில் இல்லாதபோது தண்ணீரிலுள்ள பாசி பகலில் போதிய ஆக்சிஜனை உண்டாக்காது. இரவிலோ அதுவும் மீனோடு சேர்ந்து அதே ஆக்சிஜனைச் சுவாசிக்கும். நான்காம் நாள் விடியற்காலை நாலரை மணிக்கு என் கணவர் எழுப்பினார். குட்டை முழுவதும் மீன்கள் வாயைத் தண்ணீருக்கு மேலே நீட்டிக் காற்றைக் குடித்துக்கொண்டிருந்தன. எட்டு மாத உழைப்பு ஒரு மணி நேரத்தில் மிதக்கப்போகிறது என்று கைகால் நடுங்கியது.

அந்த நேரத்திலும் பண்ணைக்காரர் இரண்டாவது மணி ஒலியிலேயே தொலைபேசியை எடுத்தார். “தண்ணி பச்சையா இருக்குதுங்களா, கருப்படிச்சிருச்சுங்களா அக்கா?” என்பதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி. கருத்திருக்கிறது என்றேன். கிணற்று மோட்டாரைப் போட்டு, குழாயின் வாயை உயர்த்திக் கட்டி, தண்ணீர் பலகையில் மோதிச் சிதறி விழும்படி செய்யச் சொன்னார். கிணற்றுத் தண்ணீரில் இயல்பாகவே காற்று குறைவு, நேராக ஊற்றினால் உதவாது என்றார். அடிச்சேறு கிளம்பிவிடும் என்பதால் குட்டைக்குள் யாரும் இறங்கக் கூடாது, அன்றைக்கும் மறுநாளும் ஒரு பிடித் தவிடு கூடப் போடக் கூடாது என்றும் சொன்னார். ஏழு மணிக்குத் தன் இரு சக்கர வண்டியில் ஒரு சிறிய காற்றூட்டியைக் கட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார். அறுபதுக்கும் குறைவான மீன்களே செத்தன. காற்றூட்டிக்கு மூன்று நாள் வாடகையாக அவர் வாங்கிக்கொண்டது எரிபொருள் செலவுக்குச் சமமான தொகைதான். குஞ்சு விற்றதோடு கடமை முடிந்தது என்று எண்ணாத அந்தப் பொறுப்புக்கு நான் நன்றிக்கடன் பட்டவள்.

இதே பண்ணை ஏற்பாடு செய்யும் அறுவடைச் சேவையைப் பற்றி மட்டும் என்னால் நல்லபடி சொல்ல இயலவில்லை. வலைக்காரர்களையும் மொத்த வியாபாரியையும் அவர்களே அனுப்புகிறார்கள். வலைக்காரர்கள் திறமையானவர்கள், மீனின் செதில் உதிராமல் பிடிக்கிறார்கள். ஆனால் வியாபாரி நூறு கிலோவுக்கு ஐந்து கிலோவைக் கழிவு என்று தள்ளிக் கணக்கிடுகிறார். உயிரோடு துள்ளும் மீனுக்குக் கழிவு எதற்கு என்று கேட்டால், ஆந்திர மீனுக்கும் இதுதான் வழக்கம் என்கிறார். ஐஸ் பெட்டியில் லாரியில் வந்து சேலம் சந்தைகளில் இறங்கும் ஆந்திர மீனே இங்கு விலையை முடிவு செய்கிறது. நூற்றுக்கணக்கான ஏக்கரில் வளர்க்கிற அவர்களோடு 60 சென்ட்காரர் விலையில் போட்டியிட முடியாது. நம்மிடம் இருக்கும் ஒரே பலம், காலையில் பிடித்த மீனை அன்று மதியமே குழம்பாக்க முடியும் என்பதுதான். அதனால் அந்தத் தீபாவளிக்கு முந்தைய ஞாயிறு, 300 கிலோவை மட்டும் குட்டைக் கரையிலேயே தராசு வைத்து, உயிருடன் ஊராருக்கு விற்றேன். வியாபாரி கொடுத்த விலையைவிடக் கிலோவுக்கு நாற்பது ரூபாய் கூடுதலாகக் கிடைத்தது. பத்து மணிக்கெல்லாம் மீன் தீர்ந்துவிட்டது. பண்ணைக்காரர் தம்மிடம் குஞ்சு வாங்குகிற ஐம்பது, அறுபது பேரையும் ஒருங்கிணைத்து, ஊருக்கு ஊர் நாள் குறித்து இப்படி விற்க ஏற்பாடு செய்தால் அது அவர் தரும் குஞ்சுக்குச் சமமான உதவியாக இருக்கும். இதை அவரிடமே சொல்லியிருக்கிறேன்.

தேவை இனிமேல் கூடும் என்பதில் எனக்கு ஐயமில்லை. மேட்டூர் அணையின் உபரிநீரைச் சரபங்கா வடிநிலத்திலுள்ள 100 ஏரிகளுக்குக் கொண்டு செல்லும் திட்டம் வந்த பிறகு, பல ஆண்டுகள் சீமைக்கருவேலம் மண்டிக் கிடந்த ஏரிகளின் பேரில் மீன்பாசிக் குத்தகைப் (மீன் வளர்த்துப் பிடிக்கும் உரிமைக்கான குத்தகை) பேச்சு எழுகிறது. குத்தகைக்காரர்கள் மொத்தமாகக் குஞ்சு எடுக்கும்போது, என்னைப் போன்ற சிறு குட்டைக்காரர்களுக்குக் கட்லா மறுபடியும் கிடைக்காமல் போகும் அபாயம் இருக்கிறது. சேகோ (ஜவ்வரிசி) ஆலைக் கழிவுநீர் கலக்கிற ஓடைகளின் பக்கத்தில் குட்டை வைத்திருப்பவர்கள் எவ்வளவு நல்ல குஞ்சு வாங்கினாலும், அந்தக் கழிவு தண்ணீரிலுள்ள ஆக்சிஜனை உறிஞ்சிவிடுவதால், மீன் தங்காது. அவர்கள் முதலில் தண்ணீர் வரும் வழியைப் பார்க்க வேண்டும். செம்மண் நிலத்தில் குட்டை வெட்டுகிறவர்கள் களிமண் பூசியோ பாலிதீன் தாள் விரித்தோ கசிவை அடைத்த பிறகே இந்தப் பண்ணைக்கு வருவது நல்லது. அவர் எப்படியும் அதைக் கேட்காமல் குஞ்சு தர மாட்டார்.

போக விரும்புகிறவர்களுக்குச் சில செய்திகள். ஆனி முதல் வாரத்திலேயே நேரில் சென்று, எந்த இனம் எத்தனை என்று எழுதிக் கொடுத்து முன்பணம் கட்டிவிட வேண்டும். கட்லாவுக்கு ஈடாக வேறு மீன் வேண்டாம் என்பதையும் அதே தாளில் எழுதச் சொல்லுங்கள். புல்கெண்டையை நம்பிப் போகாதீர்கள், அது இருந்தால் உண்டு. குஞ்சு ஏற்றிச் செல்ல வண்டியை நாமே அமர்த்த வேண்டும். திறந்த வண்டியாக இருந்தால் பைகளின் மேல் போர்த்த நனைத்த சாக்குகள் எடுத்துச் செல்லுங்கள். விடியற்காலை ஐந்தரைக்குள் அங்கே இருந்தால் வெயில் ஏறுவதற்குள் குட்டைக்குத் திரும்பிவிடலாம். எட்டு மணிக்குப் பிறகு எவ்வளவு கேட்டாலும் அந்த அம்மா வலையில் கை வைப்பதில்லை. மறுநாள் வரச் சொல்லிவிடுவார்.